ஆட மறுத்த கோமாளி

 

ஆண்டுதோறும் இந்த நினைவுச் சொற்பொழிவை வெளியூரிலிருந்து வரும் எழுத்தாளரோ பேராசிரியரோ நிகழ்த்துவது வழக்கம். இந்த ஆண்டு மன்றத்தின் வாசிப்பு வட்டத்தைச் சேர்ந்த நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து எழுதினோம். எங்களில் ஒருவர் வாசிக்கிறார். அதனால் உரை முழுக்க 'நாங்கள்' என்றே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இந்த உரை முடிந்ததும் நம் பிள்ளைகள் பதினோரு பேர் சில நகைச்சுவைக் காட்சிகளை நடிக்கப்போகிறார்கள். அழைப்பிதழில் அதைப் பார்த்ததும் மூத்த தோழர்கள் சிலருக்கு வருத்தம். "நினைவு நாளில் சிரிப்பு நிகழ்ச்சியா? நம்மைப் பார்த்து ஊர் சிரித்தது போதாதா, நாமே வேறு மேடை போட்டுக் காட்ட வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டார். முதல் கேள்விக்குப் பதில் எளிது. நம் தெருவில் சாவு வீட்டில் அழுகையும் உண்டு, ஆட்டமும் உண்டு. போனவர் உயிரோடு இருந்தபோது செய்த குறும்பையெல்லாம் சொல்லிச் சிரிக்காமல் நாம் யாரையும் வழியனுப்பியதில்லை. இன்று நாம் நினைவுகூரும் தோழர் இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருந்திருப்பார். இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதில்லை. அதற்காகத்தான் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

அதே கேள்வியை அமெரிக்காவின் கறுப்பின மக்கள் நூறாண்டுக்கும் மேலாகத் தங்களுக்குள் கேட்டுவந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் உள்ள உறவை இந்த மன்றத்தில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1966இல் ஓக்லாந்தில் தொடங்கிய கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டுதான் 1972இல் பம்பாய் இளைஞர்கள் தலித் சிறுத்தைகள் ஆனார்கள். அவர்களுடைய கவிதையைப் படித்திருக்கிறோம், தன்வரலாறுகளைப் படித்திருக்கிறோம், பாட்டைக் கேட்டிருக்கிறோம். அவர்களுடைய சிரிப்பைப் பற்றி மட்டும் நாம் உட்கார்ந்து பேசியதே இல்லை.

சிரிப்பில்தான் அவர்களை மிக மோசமாக அடித்தார்கள். 1830களில் டி. டி. ரைஸ் என்ற வெள்ளைக்காரர் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கந்தல் உடுத்தி, கறுப்பின அடிமையைப் போல நொண்டி ஆடிக் காட்டினார். அந்த ஆட்டத்துக்கு 'ஜிம் க்ரோ' என்று பெயர். கறுப்பரையும் வெள்ளையரையும் பள்ளியில், ரயிலில், கழிப்பறையில் பிரித்துவைத்த சட்டங்களுக்குப் பிற்காலத்தில் அதே பெயர்தான் வந்தது. ஒரு கோமாளியாட்டத்தின் பெயரே ஒரு தீண்டாமைச் சட்டத்தின் பெயரானது என்றால், சிரிப்பைச் சின்ன விஷயம் என்று யார் சொல்ல முடியும்? அதைவிடக் கொடுமை பின்னால் வந்தது. கறுப்பினக் கலைஞர்கள் மேடையேற இடம் கிடைத்தபோது அவர்களும் முகத்தில் கரி பூசித்தான் ஏற வேண்டியிருந்தது. பெர்ட் வில்லியம்ஸ் என்ற மாபெரும் நகைச்சுவைக் கலைஞர் இயல்பில் வெளிர்நிறம் கொண்டவர். 1922இல் சாகும்வரை அவரும் கரி பூசித்தான் ஆடினார். கறுப்பரே கறுப்பராக வேஷம் போட வேண்டிய நிலை! 1928இல் 'ஏமஸ் அண்டு ஆண்டி' என்ற வானொலி நாடகம் வந்தது. இரண்டு வெள்ளைக்காரர்கள் கறுப்பர் குரலில் பேசினார்கள், நாடே சிரித்தது. 1951இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்களே நடித்தார்கள். பாத்திரங்கள் பழைய பாத்திரங்கள்தான். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்ஏஏசிபி போராடியது, 1953இல் நின்றது. நடிப்பவர் யார் என்பது மாறினால் மட்டும் போதாது என்பது அப்போதே தெரிந்துபோயிற்று.

இந்த வரலாற்றுக்குப் பின்னால்தான் நாங்கள் பேச வந்த நிகழ்ச்சி வருகிறது. 1990 ஏப்ரல் 15 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'இன் லிவிங் கலர்' தொடங்கியது. வண்ணத் தொலைக்காட்சி வந்த புதிதில் என்பிசி நிறுவனம் தன் நிகழ்ச்சிகளுக்கு முன்னால் பெருமையாகச் சொல்லிவந்த அறிவிப்பில் உள்ள சொற்கள் அவை. நிறம் என்றால் அந்த நாட்டில் வேறு பொருளும் உண்டு அல்லவா, அந்தக் கிண்டல் பெயரிலேயே இருக்கிறது.

உருவாக்கியவர் கீனன் ஐவரி வேயன்ஸ். அப்போது வயது 31. நியூயார்க்கில் ஏழைகளுக்காக அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், நம் குடிசை மாற்று வாரியக் கட்டடம் மாதிரி ஒன்றில், பத்துப் பிள்ளைகளில் இரண்டாவதாக வளர்ந்தவர். தம்பி டேமன், தங்கை கிம், கடைக்குட்டிகள் ஷான், மார்லன் என்று வீட்டுக்காரர்களையே பாதி நடிகர்களாக்கினார். டேவிட் ஆலன் கிரியர், டாமி டேவிட்சன், டி'கேயா கீமா, கிம் கோல்ஸ் ஆகியோர் சேர்ந்தார்கள். ஜேமி ஃபாக்ஸ் 1991இல் வந்தார். தொடக்கத்தில் வெள்ளையர் இரண்டே பேர்: கெல்லி காஃபீல்ட், ஜிம் கேரி. ஆமாம், அதே ஜிம் கேரிதான். காட்சிகளுக்கு நடுவே பெண்கள் குழு ஒன்று ஆடும். அதற்கு ஆட்டம் அமைத்தவர் ரோஸி பெரெஸ். ஆடியவர்களில் ஒருவராகப் பின்னாளில் வந்தவர் ஜெனிஃபர் லோபஸ். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். நாடு அவர்கள் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் கவனியுங்கள். 1975இல் தொடங்கிய 'சாட்டர்டே நைட் லைவ்' அங்கே நகைச்சுவையின் பெருங்கோயில். முதல் குழுவில் கறுப்பர் ஒரே ஒருவர், காரெட் மோரிஸ். பத்தாண்டு கழித்து டேமன் வேயன்ஸ் அங்கே சேர்ந்தார். எழுதிக்கொடுத்த சின்னப் பாத்திரத்தை எழுதியபடி நடிக்காமல் நேரலையில் தன் இஷ்டத்துக்கு மாற்றி நடித்தார் என்று 1986இல் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒற்றை ஆளாக உட்காரவைக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அலுவலகங்களில், கல்லூரி ஆசிரியர் அறைகளில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியும். நாம் ஏதாவது சொன்னால் அது நம் கருத்தாக இருக்காது, நம் மொத்தச் சாதியின் கருத்தாகிவிடும். நாம் ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டு, சிரிக்கலாமா என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். 'இன் லிவிங் கலர்' செய்த முதல் காரியம் இந்த எண்ணிக்கையைத் திருப்பிப்போட்டது. பத்துப் பேர் இருந்தால் ஒருவர் வக்கீலாக வரலாம், ஒருவர் திருடனாக வரலாம், ஒருவர் மந்தமாக, ஒருவர் கெட்டிக்காரராக வரலாம். யாரும் எல்லோருக்கும் பிரதிநிதியாக நிற்க வேண்டியதில்லை. முட்டாளாக நடிக்கும் சுதந்திரம் கூட்டமாக இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

அரை மணி நேர நிகழ்ச்சி. சில நிமிடக் காட்சிகள், ஆட்டம், ஹிப்-ஹாப் பாட்டு. முதல் ஆண்டே எம்மி விருது வாங்கியது. எல்லாக் காட்சிகளையும் இங்கே விவரிக்க முடியாது. ஒரே ஒரு பாத்திரத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று பேசுகிறோம்.

கோமாளி ஹோமி. டேமன் வேயன்ஸ் நடித்தது. சிறையிலிருந்து நிபந்தனையில் வெளியே வந்தவன், நிபந்தனைப்படி கோமாளி வேலை பார்த்தாக வேண்டும். பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவுக்கு வருவான். வண்ணத் தலைமுடி, முகப்பூச்சு எல்லாம் இருக்கும். முகம் மட்டும் சிரிக்காது. குட்டிக்கரணம் போடு, வழுக்கி விழு, கேக்கை முகத்தில் பூசிக்கொள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த விளையாட்டெல்லாம் என்னிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவான். தொல்லை செய்தால் காலுறைக்குள் எதையோ திணித்துவைத்திருப்பான், அதால் தலையில் ஒரு போடு. பிறகு உட்காரவைத்து, வெள்ளை அதிகாரத்தைப் பற்றி ஒரு பாடம். அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் அவன் பேச்சைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

முதல்முறை இந்தக் காட்சிகளைச் சேர்ந்து பார்த்தபோது எங்களில் மூத்தவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது எங்க அப்பா" என்றார். அவருடைய அப்பா பறையடிப்பவர். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் போய் அடித்தாக வேண்டும். கூலி கிடையாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் அவரும் தெருக்காரர்களும் இனி அடிக்க மாட்டோம் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு கடையில் சாமான் கிடையாது, வயலில் வேலை கிடையாது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடந்த கதை இது, உங்களில் பலருக்கு உங்கள் வீட்டுக் கதையாகவே இருக்கும். பறையைக் கீழே வைத்ததும் நம் அரசியல்தான். பிறகு நாமாக மேடையில் தூக்கிக் கட்டிக்கொண்டு அடித்ததும் நம் அரசியல்தான். ஹோமி கோமாளி உடையைக் கழற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கழற்றினால் மறுபடி சிறை. உடைக்குள் இருந்துகொண்டே ஆட மறுக்கிறான். அந்த மறுப்பையே ஆட்டமாக்குகிறான். இதைவிடத் தெளிவாக நம் பெற்றோரின் நிலையைச் சொன்ன ஒரு நகைச்சுவையை நாங்கள் பார்த்ததில்லை.

நமக்கும் இது புதிதல்ல. நடவு வயலில் நம் பெண்கள் பண்ணையாரின் நடையை நடந்துகாட்டுவார்கள், அவர் தலை தெரிந்ததும் குனிந்துகொள்வார்கள். பாமாவின் 'கிசும்புக்காரன்' 1996இல் வந்தபோது, தலித் எழுத்தென்றால் கண்ணீர் என்று முடிவுகட்டியிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஆனால் வயலில் சிரித்த அந்தச் சிரிப்புக்குத் திரையில் இடமில்லை. தமிழ்த் திரையில் கறுத்த முகத்தைக் கேலி செய்யாத நகைச்சுவை நடிகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாமும் காசு கொடுத்து உட்கார்ந்து சிரித்துவிட்டுத்தான் வந்தோம்.

1992 ஜனவரி 26. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டி, சூப்பர் பவுல், சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓடுகிறது. இடைவேளையில் பனிச்சறுக்கு வீரர்களை வைத்து ஒரு குளிர்கால ஆட்டம். அதே நேரத்தில் ஃபாக்ஸ் 'இன் லிவிங் கலர்' குழுவை நேரலையில் இறக்கியது. ஆட்டம் மறுபடி தொடங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று திரையின் மூலையில் கடிகாரம் வேறு ஓடியது. இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு போட்டி நடத்துபவர்கள் இடைவேளைக்கு மைக்கேல் ஜாக்சனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. இன்றும் அந்த இடைவேளைக்கு உலகம் காத்திருக்கிறது என்றால், அதற்கு ஏழைக் குடியிருப்பிலிருந்து வந்த சில அண்ணன் தம்பிகள் ஒரு காரணம்.

இதோடு நிறுத்திக்கொண்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் மீதியையும் சொல்லியாக வேண்டும்.

அந்த நிகழ்ச்சியின் மிகப் பிரபலமான காட்சிகளில் ஒன்று, இரண்டு தன்பாலீர்ப்பு ஆண்கள் உட்கார்ந்து சினிமா விமர்சனம் செய்வது. டேமனும் கிரியரும் நெளிந்து குழைந்து பேசுவார்கள், பெண்கள் நடித்த படமென்றால் முகம் சுளிப்பார்கள். மார்லன் ரிக்ஸ் என்ற கறுப்பின ஆவணப்பட இயக்குநர், தானும் தன்பாலீர்ப்பாளர், 1991இல் அதைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். கறுப்பின ஆண் தன் ஆண்மையை நிரூபித்துக்கொள்ள எங்களை மிதித்துக்கொண்டு நிற்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். அதே நிகழ்ச்சியில் ஊறுகாய் ஜாடியில் மலம் கழிக்கும் வீடற்ற மனிதன் ஒருவன் வருவான். உடல் ஊனமே நகைச்சுவையான ஒரு சாகச வீரன் வருவான். ஜேமி ஃபாக்ஸ் பெண் வேடமிட்டு 'வாண்டா' என்று வருவார். அவளைப் பார்த்ததும் ஆண்கள் அலறி ஓடுவார்கள். ஏன் ஓட வேண்டும்? தடித்த உதடும் பெருத்த உடம்புமாக ஒரு கறுப்பினப் பெண் ஆசையோடு வருகிறாள், அவ்வளவுதான். நூறாண்டாக வெள்ளைக்காரன் சிரித்த அதே உதட்டைப் பார்த்துத்தான் இங்கேயும் சிரிக்கச் சொன்னார்கள். எங்களில் இருவர் பெண்கள். ஹோமிக்குச் சிரித்தவர்கள் வாண்டா வந்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

நாம் மட்டும் ஒழுங்கா? பிள்ளைகளின் ஒத்திகையைப் போன மாதம் பார்த்தோம். பேருந்துக் காட்சி ஒன்று. அதில் தெலுங்கு கலந்த தமிழில் பேசும் தூய்மைப் பணியாளர் ஒருவர் வருகிறார். அவர் பேச்சைப் பேசிக்காட்டியதுதான் காட்சியின் நகைச்சுவை. நாங்களும் சிரித்தோம், ஒளிக்கவில்லை. குழுவில் ஒரு பெண் அருந்ததியர் தெருவிலிருந்து வருகிறவர். அவர் மட்டும் சிரிக்காமல் திரைச்சீலையைத் தைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "எங்க தாத்தா இப்படித்தான் பேசுவார்" என்று மட்டும் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த ஒத்திகையில் அந்தக் காட்சி இல்லை. யார் எடுக்கச் சொன்னார்கள் என்று நாங்கள் கேட்கவுமில்லை. ஆனால் அந்த அறையில் அவர் இல்லாதிருந்தால் அந்தக் காட்சி இன்று இந்த மேடைக்கு வந்திருக்கும், நாம் எல்லோரும் கைதட்டியிருப்போம். நமக்குக் கீழே யாரும் இல்லை என்று மேடைதோறும் பேசுகிறோம். சிரிக்கும்போது மட்டும் நமக்குக் கீழே ஆள் தேடுகிறோம்.

'இன் லிவிங் கலர்' எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். நிகழ்ச்சி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே ஃபாக்ஸ் பழைய பகுதிகளை மறுபடி மறுபடி ஒளிபரப்பியது. அப்படிச் செய்தால் பின்னாளில் வேறு நிலையங்களுக்கு விற்கும்போது விலை போகாது என்று கீனன் எதிர்த்தார். நான்காவது பருவத்தின் நடுவே, 1992 முடிவில், தான் உருவாக்கிய நிகழ்ச்சியைவிட்டு வெளியேறினார். பருவம் முடிந்தபோது குடும்பமே வெளியேறிவிட்டது. மீதிப் பேர் 1994 மே மாதம்வரை இழுத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபாக்ஸ் 1986இல் தொடங்கிய புது நிறுவனம். பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத கறுப்பின, நகர்ப்புற இளைஞர்களைப் பிடித்துத்தான் அது காலூன்றியது. எந்தக் கால்பந்துப் போட்டியிலிருந்து இந்தக் குழு பார்வையாளர்களைப் பறித்ததோ, அதே கால்பந்தின் ஒளிபரப்பு உரிமையை ஃபாக்ஸ் வாங்கியது. 'இன் லிவிங் கலர்' நின்ற அதே 1994இல் 'ராக்', 'சவுத் சென்ட்ரல்', 'தி சின்பாத் ஷோ' என்று கறுப்பினக் குடும்பங்களைப் பற்றிய மற்ற நிகழ்ச்சிகளும் நிறுத்தப்பட்டன. ஏறிய பிறகு ஏணியை உதைத்துத் தள்ளுவதை நாம் தேர்தல்களில் பார்த்திருக்கிறோம். தொலைக்காட்சியிலும் அதே ஏணிதான்.

அந்தக் குழு திறந்த வழியில் வந்தவர் டேவ் சாப்பல். 2003இல் தொடங்கிய அவருடைய நகைச்சுவை நிகழ்ச்சி அமோகமாக ஓடியது. ஐந்து கோடி டாலர் ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. 2005இல் படப்பிடிப்பை அப்படியே போட்டுவிட்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். ஏன் என்று பிறகு அவரே சொன்னார். பழைய கரிபூசிய வேஷத்தைக் கிண்டல் செய்ய, தானே அந்த வேஷத்தில் ஒரு காட்சி நடித்திருக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த வெள்ளையர் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு வேறு மாதிரி கேட்டது. நாம் வேஷத்தைக் கிண்டல் செய்கிறோம், இவர் வேஷத்தைப் பார்த்தே சிரிக்கிறாரோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கோடிகளை விட்டுவிட்டு ஓட அந்த ஒரு சிரிப்பு போதுமானதாக இருந்தது.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் இங்கேயே நடந்தது. பிள்ளைகளில் ஒருவன் தன் தாத்தாவைப் போல நடிக்கும் காட்சி ஒன்று உண்டு. பெரிய வீட்டுக்காரர் எதிரே வந்தால் தாத்தாவின் கை தானாகத் தோள்துண்டுக்குப் போகும். இப்போது தோளில் துண்டே இல்லை, சட்டை போட்டிருக்கிறார், ஆனாலும் கை போகும். கையை இன்னொரு கையால் பிடித்து இழுப்பார். கை மறுபடி போகும். கைக்கும் மனிதருக்கும் சண்டை. நம் தெருவில் முதல்முறை நடித்துக்காட்டியபோது சிரித்துச் சிரித்துக் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தத் தாத்தாவே அங்கே உட்கார்ந்திருந்தார், அவரும் சிரித்தார். யாரோ அதைக் கைப்பேசியில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் ஊருக்குள் டீக்கடையில் சில பையன்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இவன் அந்த வழியாக வர, ஒருவன் தன் தோளில் கையை வைத்துக் காட்டியிருக்கிறான். அதே சைகைதான், இவனே கண்டுபிடித்த சைகை.

இனிமேல் அந்தக் காட்சியை நடிக்க மாட்டேன் என்று வந்து சொன்னான். நாங்கள் வற்புறுத்தவில்லை. நடிக்காமல் இருப்பதும் சரி என்று எங்களில் இருவர் நினைத்தோம். நம் சிரிப்பை நம் தெருவுக்குள்ளேயே வைத்துக்கொள்வோம் என்பது அவர்கள் கட்சி. மற்ற இருவர் ஒப்பவில்லை. அப்படிப் பூட்டிவைத்தால் நம்மைப் பற்றிய சிரிப்பை எல்லாம் அவர்களே எழுதிக்கொண்டிருப்பார்கள், டீக்கடைக்காரன் எப்படிச் சிரிப்பான் என்று பார்த்துப் பார்த்து எழுதினால் நாம் எதையும் எழுத முடியாது என்றார்கள். இரவு பதினொரு மணிவரை சண்டை. தீர்க்க முடியாமல்தான் இந்த உரையை எழுதினோம். எழுதிய பிறகும் தீரவில்லை. ஹோமி மறுத்தான், ஆனால் மேடையில் நின்று மறுத்தான். சாப்பல் மேடையைவிட்டுப் போய் மறுத்தார். யார் செய்தது சரி என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

இன்றைய கூட்டத்துக்கு ஊருக்குள்ளிருந்தும் சிலர் வந்திருக்கிறார்கள், பின்வரிசையில் நிற்கிறார்கள். வரவேற்கிறோம். உட்கார நாற்காலி இருக்கிறது, முன்னால் வரலாம்.

அந்தப் பையன் நேற்று மாலை ஒத்திகைக்கு வந்தான். காட்சியில் கொஞ்சம் மாற்றியிருப்பதாகச் சொன்னான். என்ன மாற்றம் என்று கேட்டோம், மேடையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். தாத்தாவுக்குத் தெரியுமா என்று கேட்டோம். தெரியும், அவரிடம் ஒரு துண்டு கடன் வாங்கியிருக்கிறேன் என்றான். இப்போது திரைக்குப் பக்கத்தில் நிற்கிறான், நீங்கள் எவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்பது போலப் பார்க்கிறான். ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுத்துவிட்டு நாங்கள் இறங்குகிறோம். விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.